நாற்பத்தேழாவது நிமிஷம்

சரியாக நாற்பத்தேழாவது நிமிஷத்தில்
வாய் திறந்தபடி உறைந்துபோனேன்.
பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முப்பத்தொரு பேர்,
பாதிப் பேர் மலைக்கு அந்தப்பக்கம்.
'எந்தாடா, ஃபோட்டோ ஆணோ?' என்று
புனலூரிலிருந்து ஷிஜின் போன் போட்டான்.

டிரைவரை மாற்றினேன்.
ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன்.
கேம் மட்டும் என்றால் விடியும்வரை ஓடுகிறது.
லைவ் மட்டும் என்றால் அதுவும் ஓடும்.
சேர்த்து ஓட்டினால்
ஒரே பந்தியில் உட்கார்ந்த சம்பந்திகள்,
முகம் இறுகிவிடும்.

'சூடு எத்ர?'
தொண்ணூற்றெட்டு.
வெளியே புளியரைக் கணவாய்க் காற்று,
கொடியில் ஒரு சட்டை நிற்கவில்லை.
உள்ளே இது காய்ச்சலில் கிடக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறி இறக்கைகளில் சாம்பல் தூள்.
வீட்டுத் தூசி இல்லை,
விரலிடுக்கில் நெருடியது.

செக்போஸ்ட் வரிசையில்
எம்-சாண்ட் லாரிகள் இரவெல்லாம்
எஞ்சினை அணைக்காமல் நிற்கிற வாசல் எங்களுடையது.
எந்தக் குன்றோ,
தார்ப்பாய்க்கு அடங்காமல்
கொஞ்சம் கொஞ்சமாக என் மேஜைக்கு வந்திருக்கிறது.

அக்காவின் ரூஜ் பிரஷ்ஷால் துடைத்தேன்.
அரை டம்ளர் தேறியது.
பிரஷ்ஷுக்கு அவள் தனியாகக் கணக்குத் தீர்த்தாள்.

மறுநாள் இரவு
நாற்பத்தாறு.
நாற்பத்தேழு.
மூச்சு விடவில்லை நான்.
ஐம்பத்திரண்டு.

ஷிஜின் சாட்டில் வந்தான்:
'நாளைக்கு நம்ம வீட்டு மேல்மாடி வார்ப்பு.
மணல் லோடு இன்னும் எத்தியில்ல.'

எட்டிப் பார்த்தேன்.
வரிசையில் மூன்றாவதாகக்
கொல்லம் நம்பர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து
'வருது' என்று அடித்தேன்.