ஏழாம் பக்கம், வலது மூலை

செவ்வாய் மூன்றாம் பாடம்.
பிரிசில்லா மிஸ் பேக்கைத் திறந்து பேப்பர் எடுத்தா.
முப்பத்தொரு பேருக்கு ஏழு பேப்பர்,
பஸ் ஸ்ராண்ட் தேத்தண்ணிக் கடையில் கேட்டு வாங்கின பழசுகள்.
எங்களுக்கு வந்ததில் வடை எண்ணெய் வட்டம்;
அதற்குள்ளால்
மறுபக்கத்து மரண அறிவித்தல் தலைகீழாக வந்து
பெற்றோல் விலையோடு கலந்து கிடந்தது.

"யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி.
ஆறுக்கும் ஆறு நிறம். கீறுங்கோ."
அவ்வளவுதான். பிறகு வரவு இடாப்பில் குனிந்துகொண்டா.

எங்களிடம் ஐந்து நிறம்தான்.
ஆறாவதை இரவல் கேட்டுப் பின் வாங்குக்குப் போன யதுகுலன்
அங்கேயே நின்றுவிட்டான்.
"டேய், இது எங்கட பள்ளிக்கூடம்."

ஏழாம் பக்கம், வலது மூலை:
'மாணவியருக்கான புதிய மலசலகூடத் தொகுதி கையளிப்பு.'
படத்தில் றிபன், ஒரு கத்தரிக்கோல்,
அதைப் பிடிக்க ஒன்பது கை.
ஓரத்தில் தெரிகிற வெள்ளைச் சட்டை முழங்கை
தன்னுடையதென்று மெலனி சத்தியம் பண்ணினாள்.

யார் என்பதற்குப் பச்சை.
பச்சை போய்க்கொண்டே இருந்தது.
கௌரவ, உயர்திரு, அல்ஹாஜ், வணக்கத்துக்குரிய,
பதினாலு பெயர். பென்சில் மழுங்கிற்று.
எப்படி: 'கோலாகலமாக.'
ஏன் என்பதற்கு நிறமும் இல்லை, வரியும் இல்லை.
கடைசியில்,
'மாணவியர் பெரும் மகிழ்ச்சி தெரிவித்தனர்.'

"ஆர் தெரிவிச்சது?" என்றாள் ஃபஸ்லினா.

பதினாறு பெண்பிள்ளைகள்
ஒருத்தரையொருத்தர் பார்த்தோம்.
பேப்பரில் வைகாசி. சுவர்க் கலண்டரில் ஆவணி.
பூட்டு அப்படியே தொங்குகிறது.
சாவி கந்தோரில் என்று காவலாளி,
தண்ணி இணைப்பு வரட்டும் என்று கந்தோர்.
காலையிலிருந்து நான் தண்ணி குடிப்பதில்லை.
அதை ஒருவருக்கும் சொன்னதுமில்லை.
அன்று எழும்பிச் சொன்னேன்,
பெடியள் இருக்கத்தக்கதாக.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
மிஸ் இடாப்பை மூடினா.
"நானும் குடிக்கிறேல்ல," என்றா.

ஆசிரியருக்குக் கடிதம், இருநூற்றுப் பத்துச் சொல்.
பூட்டின் துருவை எழுதினோம்,
சாவித் துவாரத்தில் குளவி கட்டின மண்ணை எழுதினோம்.
'மாபெரும் அநீதி' என்ற யதுகுலனின் வரியைக்
கபிஷ்ணா வெட்டினாள்.
"அது உன்ர கோபம். பூட்டுத்தான் செய்தி."

மூன்று கிழமை,
தினமும் பேப்பர் வாங்குவது சர்ஜூனின் பொறுப்பு.
ஒருநாள் மைதானத்தடி மான் ஒன்று
அவன் சைக்கிள் கரியரிலிருந்து
விளையாட்டுப் பக்கத்தை இழுத்து மென்றுவிட்டது.
துரத்தினால் கடற்கரை வீதி வரைக்கும்
வாயில் கிரிக்கெட்டோடு ஓடியதாம்.

கடிதம் அடுத்த நாள் வந்தது. ஆறு வரி.
'பாடசாலை மலசலகூடம்: அதிகாரிகள் கவனிப்பார்களா?'
துரு இல்லை. குளவி இல்லை.
முப்பத்தொரு கையெழுத்து 'மாணவர் சிலர்' ஆகியிருந்தது.

அதையும் கீறினோம், விடவில்லை.
யார்: ஒருவருமில்லை. எங்கே: தெளிவில்லை.
இடம் போதாமல் வெட்டியிருப்பார்கள் என்றா மிஸ்.
பக்கத்திலேயே அரைப் பக்கத்துக்கு
நகைக்கடை விளம்பரம்.
மெலனி அதை அடிமட்டம் வைத்து அளந்தாள்.
பிறகு முழுக் கடிதத்தையும் கொப்பி ஒற்றையில் எழுதி
பூட்டிய கதவிலேயே ஒட்டினோம்.
அங்கே இடம் போதும்.

இப்போது கணக்கில் இருபது எடுத்தாலும்
பெடியள் கையைத் தூக்கி
"பெரும் மகிழ்ச்சி தெரிவிக்கிறோம்" என்கிறார்கள்.

திறந்ததா என்று கேட்பீர்கள்.
நாலு கதவில் ஒன்று.
வியாழக்கிழமை, பத்தரை மணி, வாளித் தண்ணி.
றிபன் இல்லை. படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை.
ஆகவே என் கொப்பியில் நான் எழுதினேன்.
யார் என்ற இடத்தில் பதினாறு பெயர், பச்சையில்.
ஏன் என்பதற்கு
ஊதா நிறம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்,
இன்னும் கூர் சீவவில்லை.

அன்று இன்ரவலுக்கு
ஒரு போத்தல் தண்ணியை முழுசாகக் குடித்தேன்.