நல்ல தண்ணி வரும் நாள்

சாண் உயரம்தான்.
இதுக்கு மேல வளராதுங்க என்று
சொல்லித்தான் கொடுத்தார் தள்ளுவண்டிக்காரர்,
பெண்ணின் குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிற
தரகர் மாதிரி.
பத்துக்குப் பன்னிரண்டு அறை எங்களுடையது.
வளராதது நல்லதுதான்.

தயிர் டப்பாவின் அடியில்
ஆணியைச் சுட்டு நாலு ஓட்டை போட்டேன்.
பாதி மண், பாதி மணல்.
எதிர்வீட்டுச் சுவரில் பட்டு
எங்கள் ஜன்னலுக்குத் திரும்பி வரும்
இரண்டாம் கை வெளிச்சம்.
போதுமாம் அதற்கு.

எனக்குப் பகல் ஷிப்ட், செக்கிங் டேபிள்.
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
சென்னியப்பனுக்கு இரவு, சாயப்பட்டறை.
காலையில் நான் இறங்க, அவர் ஏற,
பொழுதோட அவர் இறங்க, நான் ஏற,
படியில் சாவி கை மாறும்.
"சாப்டாச்சுங்களா?"
"ம்."
சாவி மட்டும் கொஞ்சம் சூடாக இருக்கும்.

கம்பெனிப் பஞ்சு
என் தலையோடு வீட்டுக்கு வந்து
இலைமேல் உட்காரும்.
பனியன் வேஸ்ட்டை நனைத்து
அடியிலிருந்து நுனிவரை துடைப்பேன்.
கரும்பச்சை வரிகள் அப்போதுதான் வெளியே வரும்.
பாம்பு என்கிறார்கள்.
எனக்கென்னவோ
சாயம் திட்டுத்திட்டாக ஏறிய துணி.
டேபிளுக்கு வந்திருந்தால் தள்ளியிருப்பேன்.

ஆவணியில் நடு இலை சாய்ந்தது.
தொட்டால் கூழ்.
இழுத்தேன், கையோடு வந்தது,
முட்டை நாத்தத்துடன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.
"வந்ததும் ஒரு டம்ளர் ஊத்திருவனே அம்மிணி,
அவசரத்துல நீ மறந்திருப்பேன்னு."
நானும்தான்,
தினம் சாயங்காலம்,
தூக்கக் கலக்கத்தில் அவர் மறந்திருப்பாரென்று.

இரண்டு பேருமே சிரிக்கவில்லை.
போன மாதம் கரண்ட் பில்லையும்
இப்படித்தான் இரண்டு தடவை கட்டினோம்.

அழுகியதை பிளேடால் வெட்டி
மிச்சத்தை நியூஸ் பேப்பரில் பரப்பி
இரண்டு நாள் காயவிட்டோம்.
ஓரத்தில் ஒரு குட்டி,
கட்டைவிரல் நகம் அளவு,
கெட்டியாக இருந்தது.

திருப்பூரில் எங்கள் வீதிக்கு
நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா.
போர் தண்ணி ஊத்தினால்
மண்மேல் உப்புப் பூக்கிறது.
அதனால் குழாய் வரும் நாளில்
குடங்களுக்குப் பிறகு
அதற்கும் அரை டம்ளர்,
நடுக்குருத்தில் படாமல், ஓரமாக.
ஊத்தியவர் சாவியில்
ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.
ஏற்பாடு அவருடையது, ஸ்டிக்கர் என்னுடையது.

இன்றைக்குப் படியில் சாவி வாங்கினேன்.
சிவப்பு அம்பு இருந்தது.
முதன்முதலாக எந்தக் குறையையும் காட்டாத அம்பு.

மேலே போய் விரலால் மண்ணைத் தொட்டேன். ஈரம்.
செய்ய ஒன்றும் இல்லை.
செருப்பைக் கூடக் கழற்றாமல்
சித்த நேரம்
அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.