ஒரு காற்புள்ளி

அஞ்சலகத்துக்கு மேல்மாடியில் நீர்ப் பரிசோதனைக் கூடம்.
பல்கேரியாவின் அந்தச் செம்புச் சுரங்க ஊரில்
அரசாங்கம் என்பது
மூன்று அறை, சூடேறாத ஒரு ஹீட்டர்,
ஸ்த்ராவ்கா கேர்கினோவா.

செவ்வாய், மாலை நாலு பத்து.
தலைநகரிலிருந்து தொலைபேசி.
யார் பெயரையும் சொல்லவில்லை குரல்.
"மேலே" என்றது.
மேலே கவலைப்படுகிறார்கள்.
மேலேயிருந்து ஒருவர் திங்களன்று வந்து
சதுக்கத்துக் குடிநீர்க் குழாயைத் திறக்கிறார்.

ஆர்செனிக் நாற்பத்தொன்று
என்று எழுதியிருக்கிறீர்களே அம்மணி,
நாலுக்கும் ஒன்றுக்கும் நடுவே
ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கலாம் அல்லவா?
எண்ணை மாற்றச் சொல்லவில்லை.
நாலும் அங்கேயே இருக்கட்டும்,
ஒன்றும் அங்கேயே இருக்கட்டும்.
எறும்பின் கால் அளவு மை.

(அந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் மெய்.
அங்கே அன்று வைத்திருந்தால்...
சரி, விடுங்கள்.)

பத்து வரை குடிக்கலாம் என்கிறது சட்டம்.

அந்த ஊரில் "இல்லை" என்பதற்கு
முகவாயை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டுவார்கள்.
நாக்கு "ச்சு" என்னலாம், என்னாமலும் இருக்கலாம்.
ஸ்த்ராவ்கா முப்பத்திரண்டு வருடமாய் வெட்டியவள்.
புத்தாண்டுக்குப் பிராந்தி கொண்டுவந்த
சுரங்கத்து மேலாளருக்கு.
மறுமணம் பேச வந்த மைத்துனிக்கு.
அன்றும் வெட்டினாள்,
கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும் அளவுக்கு.

கம்பியில் முகவாய் போகாது.
"நன்றி" என்றது குரல்,
"நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று சொன்னார்கள்."

வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த
வேன் ஓட்டுநர் ஸ்பாஸ்
தோலைத் துப்ப மறந்து நின்றான்.
கணினி முன்னால் தெனிஸ்லாவ்,
இருபத்தாறு வயது, வீட்டுக் கடன்,
ஏழாம் மாதத்தில் மனைவி,
அதற்குள் காற்புள்ளியை வைத்துவிட்டிருந்தான்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.
"நே."
பிறகு, இருமிவிட்டு:
"இதைக் காகிதத்தில் அனுப்புங்கள்.
பதிவெண்ணோடு. கையெழுத்தோடு."

"அம்மணி, உத்தரவு என்று எதுவும் இல்லையே.
சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம்."

"நானும் சும்மாதான் பேசுகிறேன்.
நாற்பத்தொன்று."

வெள்ளியன்று காகிதம் வந்தது.
பதிவெண் இருந்தது, கையெழுத்து இருந்தது,
வட்ட முத்திரை நீலமாய் ஊறியிருந்தது.
வேறு உத்தரவு.
மலைமேல் மழைமானி நிலையத்துக்கு அவளை மாற்றி,
உடனே.

கெட்டிலை எடுத்துக்கொண்டாள்.
மார்ச் மாதத்துக்கு மணிக்கட்டில் கட்டியிருந்த
சிவப்பு வெள்ளை நூலை அவிழ்க்கவில்லை;
முதல் பூ பார்த்துத்தான் அவிழ்க்க வேண்டும்,
மலையில் பூ தாமதம்.
பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்ட பதிவேட்டை
மேசைமேல் திறந்தபடி வைத்துப் போனாள்.

ஞாயிறு காலை ஸ்பாஸுக்கு வேலை வந்தது:
சுரங்கக் கழிவு கலக்குமுன்
மேல்பாலத்தில் போய்த் தண்ணீர் எடுத்து வா.
வேன் பழுது என்று எழுதிக் கையெழுத்திட்டான்.
பேட்டரி அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தது.
பொய்தான்.
அந்தப் பொய்யில் ஆர்செனிக் இல்லை.

ஞாயிறு இரவு, ஒன்பது இருக்கும்.
கூடத்தில் தெனிஸ்லாவ் மட்டும்.
திரையில் நாலு, காற்புள்ளி, ஒன்று.
பதிவேட்டில் நாலு, ஒன்று.
ஒட்டிக்கொண்டு நின்றன இரண்டும்,
குளிரில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல.
அழித்தான். திரும்ப வைத்தான். அழித்தான்.

தொலைபேசி அடித்தது.
"அறிக்கை தயார்தானே தம்பி?"

முகவாய் தானாக மேலே போனது.
யாரும் பார்க்கவில்லை.
கீழே அஞ்சலகப் பூட்டைக் காற்று ஆட்டியது.
மறுமுனையில் யாரோ பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்,
இன்னும் கொஞ்ச நேரத்தில்
அந்த மௌனத்தைத் தம் கணக்கில் வரவு வைப்பார்கள்.

"நே" என்றான்.
குரல் பாதியில் உடைந்தது.

"என்ன? கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொல்."