கட்டம் இல்லாதவை

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப்
பழைய மென்பொருளை அணைத்துவிடுவார்கள்.
சம்பளம், விடுப்பு, வரி, வங்கி எண்
எல்லாம் மேகத்துக்குப் போகின்றன.
வடக்கு டகோட்டாவில் பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே மேகமே இல்லை,
கண் கூசும் பனி.

குறிப்புகள் மட்டும் போகாது
என்றான் ஆலோசகன்.
அங்கே அதற்குக் கட்டம் கிடையாதாம்.

மார்லிஸ் ஓடெகார்ட் சாப்பிடப் போகாமல்
ஒவ்வொன்றாகத் திறந்தாள்.
'வெர்ன், கொதிகலன் அறை. நாலு மணிக்கு மேல் கூப்பிடவும். பகலில் தூங்குவார்.'
'பேராசிரியர் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அவருக்குத் தெரியும். இருக்கட்டும் என்கிறார்.'
'காசோலையைக் கணவரிடம் தர வேண்டாம். எப்படிக் கேட்டாலும்.'

நாலரைக்குத்
தன் எண்ணையே தட்டிப் பார்த்தாள், சும்மா.

'வெள்ளம் வந்த வாரம். ஆறு நாள் வரவில்லை.
விடுப்பில் கழிக்காதே.
யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. டி.கே.'

டி.கே. யார்?
டோரீன் என்று ஒருத்தி இருந்தாள்.
அவள் குடும்பப் பெயர் ஹாகன்.
இருபத்தாறு வருடமாக
யாருக்கு நன்றி சொல்லாமல் இருந்தோம்
என்று யோசிப்பதற்குள்
திரை கறுத்தது.

அடுத்த வெள்ளி எல்லாருக்கும் சம்பளம் வந்தது,
ஒரு சென்ட் பிசகாமல்.
துணைவேந்தர் கேக் அனுப்பினார்.

செவ்வாயன்று சாளரத்தில் ஒருவர்,
தொப்பியைக்கூடக் கழற்றாமல்,
மனைவியின் காசோலையைக் கேட்டார்.
இப்போது காசோலையே இல்லை,
எல்லாம் நேரே வங்கிக்கு,
புது முறை பாருங்கள், என்றாள் மார்லிஸ்.

உறை
அவள் முழங்காலை ஒட்டிய இழுப்பறையில் இருந்தது.