மீதி

கெடிலம் வடிந்து பதினேழு நாளாகியும்
ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில்தான் இருந்தோம்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு.
படுத்தபடியே போட்டுப் பார்ப்பார் தனவேல்.
ஒருநாளும் ஒரே மீதி வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்களாம்.

செம்மண்டலத்தில் ஓர் அறை.
முன்பணத்தை உதவி மையத்துப் பெண்ணே
வீட்டுக்காரரிடம் எண்ணிக் கொடுத்தாள்.
முந்தைய குடித்தனம் வைத்துப்போன கரண்ட் பாக்கி
ஆயிரத்து நானூற்றுப் பத்து, அதையும்.
“திருப்பித் தரணுமா?”
இரண்டு தரம் கேட்டேன்.
சளிப்பிடித்த மூக்கைத் துடைத்துக்கொண்டே
“இங்க ஒரு கையெழுத்து” என்றாள்.

லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கியதும்
நிலவரசி சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள்.
நான் அதட்டவில்லை.
ராத்திரி இளைப்புக்கு மெஷின் வைத்தோம்.
புகையாய் மருந்து. தூங்கிவிட்டாள்.
பிறகு யாருக்கும் செய்ய ஒன்றுமில்லை.
அப்போதுதான் அழுகை வந்தது எனக்கு,
இத்தனை நாள் வெளியே
வரிசையில் நின்றிருந்ததுபோல.

இரண்டு மாதம் கழித்து முதல் பில்.
இலவச நூறு யூனிட் போக
எண்பத்தைந்து ரூபாய்.
தானே போய்க் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி
தனவேல் நல்ல சட்டையைத் தேடினார்.