அறுபது இலக்கம்

பர்கூர் ஷூ கம்பெனி பஸ்ஸில்
பதினொரு பேர் நாங்கள்.
குழுவின் பெயர் ‘கோலப்பொடி’.
பார்த்தால் சூப்பர்வைசருக்குக் கொட்டாவி வரும்;
அது முதல் பூட்டு.

இரண்டாவதை நான் போட்டேன்.
பாலிடெக்னிக் படித்த திமிர்.
புதுச் செயலி, திறக்கக் கடவு எண்,
ஏழு நாளில் தானே அழியும் எழுத்து,
நீ நீதானா என்று ஆளுக்கு ஆள் சரிபார்க்க
அறுபது இலக்கம்.

கந்திகுப்பம் தாண்டும்வரை
நாகவேணி வாசித்தாள்.
வீட்டில் தெலுங்கில் எண்ணுகிறவள்,
இருபத்தேழாவதில் தடுக்கி
முதலிலிருந்து தொடங்கினாள்.
“என்னடி, ரேஷன் கார்டா?”
என்றது முன்சீட்டு.

பேசியது அணுகுண்டு ரகசியம் ஒன்றுமில்லை.
ஓவர்டைம் எத்தனை மணி தைத்தோம்,
எத்தனை மணி எழுதினார்கள்.
இரண்டுக்கும் நடுவில்
மாதம் நானூற்றுப் பத்து ரூபாய்.

ஆனாலும்
போன வருஷம் பி லைனில்
பூட்டில்லாமல் இதையே பேசிய மூன்று பேருக்கு
மத்தூர் கூட்ரோட்டில் இப்போது பஸ் நிற்பதில்லை.

குப்பம்மாவிடம் பட்டன் போன்.
செயலி ஏறாது.
பஸ் தாமதமென்றால் ஒரு மிஸ்டு கால்,
ஞாயிறும் வேலையென்றால் இரண்டு.
அவளுக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் சங்கேதம்.

மார்ச்சில் தஸ்லீமாவின் போன்
தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.
புதுப் போனில் ஒரு வரியும் திறக்கவில்லை.
“என் மாசத்தையே உள்ள வெச்சுப் பூட்டிட்டியேடி.”
நான் மன்னிப்புக் கேட்டேன்.
கணக்கு கேட்காது.

அடுத்த வாரம் சூப்பர்வைசர்
எங்கள் வரி ஒன்றை
எழுத்துப் பிசகாமல் சொன்னான்.
எங்கே ஓட்டை என்று இரவெல்லாம் தேடினேன்.
பூட்டு அப்படியே இருந்தது.
மாதேஸ்வரி மட்டும் ஊசியிலிருந்து
தலை நிமிரவில்லை.
லைன் லீடர் வேலை, தம்பிக்கு ஒரு இடம்;
திறந்த போனை அவன் பக்கம்
கொஞ்சம் சாய்த்தால் போதும்.
அவளுடைய அறுபதும் சரியாகவே இருந்தன.

குழுவிலிருந்து எடுக்க விரலை வைத்தேன்.
அவள் கணக்கிலும் ஏழு மணி குறைகிறது.
விரலை எடுத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் தொழிலாளர் அலுவலகம்.
“ஆதாரம்?”
பத்து பேரும் போனைப் பார்த்தோம்.
என் ஏழு நாள்
எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்திருந்தது.

குப்பம்மா இடுப்புச் சுருக்கிலிருந்து
பால் சொசைட்டி அட்டையை எடுத்தாள்.
பின்பக்கம் முழுக்கக் கோடு.
நேர்க்கோடு, சாய்கோடு, சில இடத்தில் புள்ளி.
பதினொரு பேர், நாலு மாதம்.

“இந்தப் புள்ளி எதுக்கும்மா?”
“அது எனக்குத் தெரியும் சார்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், நான் நாகவேணியை.
எங்கள் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை.
அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல
நான்தான் எழுதினேன்,
தேதி போட்டு, பெயர் போட்டு,
யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி.

செயலியை வைத்திருக்கிறேன்.
ஏழு நாளை நாலு வாரம் ஆக்கியிருக்கிறேன்.
நேற்று இரவு குப்பம்மாவிடமிருந்து
மூன்று மிஸ்டு கால்.
மூன்றுக்கு நாங்கள்
எதுவும் பேசி வைக்கவில்லை.