பூச்செலவு

கேட்டது மூன்று வருடக் கணக்கு.
ஏவலர் தேவசகாயம் தலைச்சுமையாய்க் கொண்டுவந்தது
கரையான் மிச்சம் வைத்த நூறு வருடத்தை.
"எது எதுல கலந்திருக்கோ, நீங்களே பாருங்க சார்."
ஜன்னலுக்குக் கீழே பாமணி ஆற்றில்
முறைத்தண்ணீர், முழங்கால் அளவு.

1911, டிசம்பர். பட்டாபிஷேக வைபவம்.
வளைவுக்குத் தென்னங்குருத்து, மாவிலை, அரளி ஆறு கூடை.
'ரோஜா திருச்சியிலிருந்து ரயில் மார்க்கம்.
வாடி வந்தபடியால் அரைக்கிரயம்.'
அடித்துப் பேசியவன் பெயர் இல்லை.
சக்கரவர்த்திக்கும் தெரிந்திருக்காது.

1926. ஆஸ்பத்திரி திறக்க வந்த கலெக்டர் துரைக்குக்
கதம்ப மாலை ஒன்று, இரண்டே கால் ரூபாய்.
ஓரத்தில் சிவப்பு மை:
'ஷெ துரையவர்களுக்குத் தும்மல் கண்டபடியால்
இனி மாலையில் மரிக்கொழுந்து கூடாது.'

துரை கப்பலேறினார்.
கொடி மாறியது. நாணயத்தில் தலை மாறியது.
சம்பங்கி வந்தது, ஓசூர் ரோஜா வந்தது,
சரிகைக் குஞ்சம் வந்தது.
கடைத்தெருவில் பக்கிரிசாமி போய்
பக்கிரிசாமி மகன் உட்கார்ந்தும்
அவன் கூடை மரிக்கொழுந்து
நகராட்சிப் படி ஏறவில்லை.
தும்மல் அமலில் இருந்தது.

1947: 'கொடிக்குள் வைத்து முடிய உதிரிப்பூ கால் படி.
முடிச்சு இறுகியபடியால் கம்பம் ஏறியவனுக்கு எட்டணா.'
பூ எப்போது விழுந்தது, யார் தலையில்,
அதற்குக் கணக்கில் பத்தி கிடையாது.

புயலடித்த வருடம், நிவாரணம் வழங்கும் விழா:
'தென்னங்குருத்து, செலவு இல்லை.'
ஊரே குருத்தோடு சாய்ந்து கிடந்தது.

பிறகு பிளாஸ்டிக் செவ்வந்தி.
ஒருமுறை வாங்கி ஒன்பது விழா;
சோப்புத்தூள் செலவு தனி.
தணிக்கைக்காரனுக்குப் பிடித்த பூ.

போன குடியரசு தினம். தனிச் சீட்டு.
மரிக்கொழுந்து, நான்கு முழம், நூற்றிருபது ரூபாய்.
"இது யாருக்கு?"
"கமலவேணிக்கு சார், துப்புரவு செக்ஷன்.
முப்பத்தோரு வருஷம் விழா முடிஞ்சு பூ அள்ளினது.
இந்த வாட்டி அதையே கொடியேத்தச் சொன்னோம்.
என்ன மாலை வேணும்னோம். இதான் கேட்டுச்சு."

உத்தரவு ரத்தான தாள் எங்கும் இல்லை.
ஆட்சேபணை எழுதலாம், விதியில் இடமிருக்கிறது.
பேனாவைத் திறந்தேன்.
ஆற்றில் யாரோ எருமையைக் குளிப்பாட்டினார்கள்.
மூடினேன்.

"பார்த்து சார்" என்றபடி தேவசகாயம்
1926ஐத் தூக்கிக் கட்டின் மேல் போட்டார்.
எழுந்தது தூசி.
அடுக்கடுக்காய் மூன்று தும்மல் எனக்கு.